சிங்கப்பூர்க் கடிதம்: டிஸ்பிளே வரலை

தேனி, கம்பம் பக்கத்து உறவுகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். மழை உண்டு, வேலை உண்டு, சம்பளமும் தேதிக்கு வந்துவிடுகிறது. யீஷூன் வட்டாரத்து அடுக்குமாடி வீடு ஒன்றில் மட்டும் கொஞ்ச நாளாக நிம்மதி இல்லை. அங்கே குடியிருக்கும் சின்னமனூர்த் தம்பி தன் கேமிங் கம்ப்யூட்டரில் ‘ஒரே ஒரு பார்ட்டை’ மாற்றக் கிளம்பியதுதான் காரணம். கூடத் தங்கியிருக்கும் போடி அண்ணன் இப்போது நின்றுகொண்டே சாப்பிடுகிறார். சாப்பாட்டு மேசை முழுக்க ஸ்க்ரூ.

தம்பியிடம் இருந்தது, படிப்பு முடிந்து ஊர் திரும்பிய மாணவர் ஒருவரிடம் வாங்கிய பழைய பெட்டி. 2018-ல் வந்த ரைசன் 5 2600 பிராசஸர், பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு. மெயில் பார்க்க, படம் பார்க்க அமோகம். புது கேமைப் போட்டால் மட்டும் மூச்சு வாங்கும். கார்டை மாற்றினால் போதும் என்று சிம் லிம் சதுக்கத்துக்குப் போனான். சென்னை ரிச்சி தெருவில் சுற்றியவர்களுக்குப் பழக்கமான உலகம்தான்; ஆறு மாடியும் ஏசியும் கூடுதல். கடைக்குக் கடை பொடி எழுத்தில் அச்சிட்ட விலைப்பட்டியலைக் கையில் திணிப்பார்கள்.

கடைக்காரர் கேட்டது இரண்டே கேள்வி. எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட்? கேபினெட்டுக்குள் எத்தனை சென்டிமீட்டர் இடம் இருக்கிறது? தம்பிக்குத் தெரிந்தது கார்டின் விலை மட்டும். பழைய 1050 டிஐ, சொருகிய ஸ்லாட்டிலிருந்தே 75 வாட்டை எடுத்துக்கொண்டு பிழைக்கும் ஜாதி. அவன் கண் வைத்த ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட் வேண்டும். 550 வாட் எஸ்எம்பிஎஸ் போடச் சொல்லி என்விடியாவே எழுதியிருக்கிறது. வீட்டில் இருந்தது 450. மூன்று விசிறி வைத்த கார்டோ 30 சென்டிமீட்டருக்கு மேல் நீளம். ஹார்ட் டிஸ்க் கூட்டில் போய் முட்டும். இரண்டு விசிறிக் கார்டு ஒன்று, புது எஸ்எம்பிஎஸ் ஒன்று என்று பை கனத்தது.

போடி அண்ணன் இதற்குச் சிரிக்கவில்லை. போடி ரயில் லைனை அகலப்பாதையாக மாற்றிய கதை அவருக்கு அத்துபடி. மீட்டர் கேஜில் தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீட்டர், அகலப்பாதையில் 1,676. தண்டவாளத்தை மட்டும் தள்ளிப்போட்டால் முடிந்ததா? பாலம், பிளாட்பாரம், ஸ்டேஷன் எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும். 2010 கடைசியில் நின்ற ரயில் தேனிக்கு வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன். “உன் பெட்டிக்கும் கேஜ் மாத்துற வேலைதாண்டா தம்பி, பொறுமையாப் பாரு” என்றார்.

கார்டு ஏறியதும் பழைய பிராசஸர் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறியது. 2022-ல் வந்த ரைசன் 5 5600 அதே ஏஎம்4 சாக்கெட்தான் என்று அதையும் வாங்கிவிட்டான். இந்த வகையில் 1,331 பின்களும் பிராசஸரின் அடியில்தான் இருக்கின்றன. கூலருக்கு அடியில் இருக்கும் பேஸ்ட் வருடக்கணக்கில் காய்ந்து கெட்டிப்பட்டுவிடும். நேராகத் தூக்கினால், லிவர் பூட்டியிருந்தாலும் பிராசஸரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகிக் கழற்ற வேண்டும். தம்பி அப்படித்தான் கழற்றினான். போடி அண்ணன் செல்போன் டார்ச்சைப் பிடித்தபடி மூச்சை அடக்கி நின்றார்.

புது பிராசஸரை மாட்டி ஸ்விட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருட்டு. ஊருக்கு வீடியோ கால் போனது. “ராமைக் கழட்டி ரப்பர் போட்டுத் துடைண்ணே” என்றான் சின்னமனூரில் இருக்கும் உடன்பிறந்தான். துடைத்தார்கள். டிஸ்பிளே வரலை.

மதர்போர்டின் ஓரத்தில் பொட்டு மாதிரி நான்கு விளக்குகள்: சிபியு, டிராம், விஜிஏ, பூட். எரிந்தது முதல் விளக்கு. சாக்கெட் ஒன்றுதான், ஆனால் போர்டில் இருந்த பயாஸ் பழையது, 5600 என்று ஒன்று பிறந்ததே அதற்குத் தெரியாது. இதில் பெரிய தகராறே நடந்திருக்கிறது. 5000 வரிசையை பி450 போர்டுகள் ஏற்காது என்று 2020 மே மாதம் ஏஎம்டி அறிவித்தது. பல போர்டுகளில் பயாஸ் சிப் 16 எம்பிதான், எல்லா பிராசஸர்களின் விவரத்துக்கும் அதில் இடமில்லை என்பது வாதம். போர்டு வாங்கியவர்கள் கொந்தளிக்க, அதே மாதத்தில் நிறுவனம் இறங்கிவந்தது. இடம் பண்ணுவதற்காகச் சில போர்டுகளில் பழைய பிராசஸர்களைக் கழற்றிவிட்டார்கள்.

ஆக, பழைய பிராசஸரைத் திரும்ப மாட்டி, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவிலிருந்து புது பயாஸை ஏற்றினான். பாதியில் கரன்ட் போனால் போர்டு காலி. போனில் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது மட்டும் புரிந்தது. “கரன்ட் இருக்கையிலேயே முடிச்சுருய்யா.”

திரும்பவும் 5600. திரும்பவும் இருட்டு. இந்தத் தடவை குற்றவாளி எச்டிஎம்ஐ கேபிள். 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. திரையின் கேபிளை மதர்போர்டில் சொருகாமல் கார்டில் சொருக வேண்டும். சொருகியவர் போடி அண்ணன். அன்று முதல் அவர் டார்ச் பிடிப்பதோடு சரி.

கடைசித் தடை மென்பொருளில் காத்திருந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால் 11-க்கு மாறும் கட்டாயம். அது டிபிஎம் 2.0 கேட்கும், யூஇஎஃப்ஐ கேட்கும். விண்டோஸ் 11-ல் தம்பியின் வாலரன்ட் கேமை ஆட வேண்டுமென்றால் செக்யூர் பூட்டும் ஆனில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேன் 9003 என்று ஒரு எண்ணைக் காட்டி வாசலிலேயே நிறுத்திவிடும். தம்பியின் டிஸ்க்கோ பழைய எம்பிஆர் முறையில் பிரித்தது. அதை மாற்றாமல் பயாஸில் மட்டும் யூஇஎஃப்ஐ-க்குத் தாவியதால் விண்டோஸே ஏறவில்லை. பழையபடி வைத்து, முக்கியமான ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு, விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கை மாற்றி, பிறகு செக்யூர் பூட்டைப் போட்டான். விளையாட்டு ஓடியது.

இதையெல்லாம் பார்த்த போடி அண்ணன், வம்பே வேண்டாமென்று ஏஎம்5 போர்டு, டிடிஆர்5 ராம் என்று மொத்தமாகப் புதுசு வாங்கினார். தம்பியின் பழைய டிடிஆர்4 ராமைக் கடன் வாங்க வழியில்லை. இரண்டுக்கும் 288 பின் இருந்தாலும் நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில். முதல் தடவை ஆன் செய்ததும் ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் அது இருட்டிலேயே கிடக்கும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ரப்பரைத் தேடி எடுத்து வருவதற்குள் திரை தானாக வந்துவிட்டது.

மிஞ்சிய 1050 டிஐ, பொங்கலுக்குச் சின்னமனூர் வருகிறது. உடன்பிறந்தான் வைத்திருப்பது ஏதோ அலுவலகம் கழித்துப்போட்ட ஒல்லிப் பெட்டி. கார்டின் தகடு 12 சென்டிமீட்டர் உயரம். ஒல்லிப் பெட்டியில் 8 சென்டிமீட்டர் தகடுதான் ஏறும். ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பியவன், கூடவே வாய்ஸ் மெசேஜும் போட்டிருக்கிறான்:

“அண்ணே, வர்றப்ப ஒரு கேபினெட்டும் வாங்கிட்டு வந்துருங்க. அதுக்கு மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் வேற மாதிரி வேணும்ங்கிறாங்க, அதையும் பாத்துக்கங்க. மத்தது எல்லாம் எங்கிட்டயே இருக்கு.”