இடது கையின் வழக்கு

கேள்வி: ருஷ்ய இசையமைப்பாளர் ஸ்கிரியாபினின் டி ஷார்ப் மைனர் பியானோ எட்யூடில் மெட்டு வலது கையில் இருக்க, பழகுவோர் இடது கையோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவது ஏன்?

பதில்: குற்றவாளி இடது கைதான். 'எட்யூட்' என்பது, கையின் ஏதேனும் ஒரு சிக்கலைத் தீர்க்கவென எழுதப்பட்டு, நாளடைவில் கச்சேரி மேடையும் ஏறிவிட்ட பயிற்சி உருப்படியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். 1894-இல் இயற்றப்பட்ட 'ஓபஸ் 8' (படைப்பு எண் 8) தொகுப்பின் பன்னிரண்டாவதான இவ்வுருப்படியில், வலது கை ஆக்டேவ்களாக, அதாவது ஒரே சுரத்தை இரு ஸ்தாயிகளில் ஒருசேர அழுத்தி, மெட்டை முழங்கிக்கொண்டிருக்க, இடது கை அடி ஸ்தாயிக்கும் நடு ஸ்தாயிக்கும் இடையே ஓயாமல் தாவுகிறது. கண்களோ இரண்டும் ஒரே பக்கம்தான் பார்க்கும். ஆகவே அடிச்சுரத்திலிருந்து அடுத்த கட்டைக்குப் பாய்ந்து, ஒலி எழுப்பாமல் அதன்மீது விரலை வைத்து, இடம் சரிதானா என உறுதி செய்த பிறகே அழுத்துவது பயன் தரும் பயிற்சியாகும்.

ஆறு ஷார்ப்கள் (சுரத்தை அரைச்சுரம் உயர்த்தும் குறிகள்) கொண்ட இந்தச் சுருதியில் 'இ ஷார்ப்' என்று எழுதப்பட்டிருப்பது 'எஃப்' என்னும் வெள்ளைக் கட்டையே என்பதால், கறுப்புக் கட்டையைத் தேடும் விரல் ஏமாறுவது தனிக்கதை. இத்தனைக்கும் ஸ்கிரியாபினின் கைகள் சிறியவை. மிகைப் பயிற்சியால் வலது கையைக் கெடுத்துக்கொண்ட அவர், இடது கைக்கு மட்டுமென்றே 'ஓபஸ் 9'-ஐ எழுதியவர். இரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டும் இவ்வுருப்படியின் இறுதிப் பக்கத்தில், அடுக்குச் சுரங்கள் இடைவிடாது அறையப்படும்போது, மணிக்கட்டு இறுகாதிருக்க வேண்டும். அண்டை வீட்டாரின் முகம் இறுகுவதைத் தடுக்கும் பயிற்சி எதுவும் தொகுப்பில் இல்லை.