மூன்றாவது கணினி எதற்கு?

கேள்வி: தரவுத்தளக் கொத்துக்கு இரண்டு கணினிகள் போதாதா?
– வாசகர், திருகோணமலை

பதில்: போதாது. இடையிலுள்ள வயர் அறுந்தால், மற்றது செத்துவிட்டது என்று இரண்டுமே நினைத்து, ஆளுக்கொரு கணக்கெழுதத் தொடங்கும். மூன்று இருந்தால், இரண்டு சேர்ந்த பக்கமே பெரும்பான்மை. தனித்து நிற்பது எழுதாமல் ஒதுங்கும். மூன்றுக்கும் மாறாத ஐபி முகவரி கொடுங்கள். கணினிகளின் பெயர்ப் பட்டியல் மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். கடிகாரங்கள் ஒத்து ஓடட்டும். ஆனால் மூன்றையும் ஒரே மின்னிணைப்பில் மாட்டாதீர்கள். ஒரே தடையில் மூன்றும் நின்றுவிடும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானத் தாக்குதலில் உங்கள் ஊர்ச் சீனக்குடாவில் ஓர் எண்ணெய்த் தாங்கி எரிந்தது. காட்டுக்குள் தள்ளித்தள்ளி நின்ற மற்றத் தாங்கிகளில் 99 இன்றும் நிற்கின்றன. உங்கள் ஊர்ப் பாடத்தைக் கணினிகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்!