சிறுகீரைச் சித்தாந்தம்

விவசாயிக்கு ஆடிப்பட்டம் மாதிரி எனக்கு ஜனவரிப் பட்டம். லட்சியங்களை அள்ளி விதைப்பேன். அறுவடைக்குத்தான் ஆள் இருக்காது.

ஒரு வருஷம் நாட்குறிப்பு. அதற்குக் காரணம் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை, கால் நூற்றாண்டுக் காலம் எழுதியிருக்கிறார் மனிதர். நானும் தோல் அட்டை போட்ட டைரியும், மை ஊற்றி எழுதும் பேனாவும் வாங்கினேன். பொங்கலைத் தாண்டவில்லை. பிள்ளைக்கென்ன, கப்பல் வந்தது, பிரெஞ்சு கவர்னர் டூப்ளே வந்தார், ஆங்கிலேயரோடு சண்டை வந்தது. எனக்குத் தண்ணீர் லாரி வந்தது. அதை எத்தனை நாளைக்கு வர்ணிப்பது? அந்த டைரியில் இப்போது பால் கணக்கு ஓடுகிறது. எழுதுவது என் மனைவி. ஒரு நாள்கூட விட்டதில்லை. மாதக் கடைசியில் பால்காரர் வந்து நிற்பாரே! என் எழுத்துக்காக அப்படி யாரும் வாசலில் வந்து நின்றதில்லை.

பிறகு கிடார். பிறகு ஜப்பானிய மொழி. இவை இரண்டைப் பற்றியும் பேச எங்கள் வீட்டில் தடை அமலில் இருக்கிறது.

யோசித்துப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. சாமான் வாங்கும்போதே பாதி வேலை முடிந்த திருப்தி வந்துவிடுகிறது. நாலு பேரிடம் சொன்னதும் மீதிப் பாதியும் வந்துவிடுகிறது. அப்புறம் செய்வதற்கு என்ன பாக்கி?

ஆகவே மாடித் தோட்டம் போட்டபோது யாரிடமும் மூச்சு விடவில்லை. பைகளும் தென்னை நார்க்கழிவும் வாங்கினேன், அவ்வளவுதான். எதைப் போடுவது? பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்-1 முருங்கை, விதைத்த ஆறே மாதத்தில் காய்க்கும் என்றார் விதைக் கடைக்காரர். அந்த 'ஆறே' அவருக்குச் சரி. என் ஆர்வத்தின் ஆயுளில் முருங்கை பூக்கூடப் பூக்காது.

சிறுகீரை என்றால் ஏறக்குறைய 25 நாள். என் ஆர்வமும் கிட்டத்தட்ட அதே வயதில்தான் கண்ணை மூடும். இரண்டில் எது முந்துகிறது பார்ப்போம் என்று விதைத்தேன். அரைக்கீரை வேண்டவே வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். அதை அறுக்க அறுக்கத் தழைத்துக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்ற வேண்டும். சிறுகீரையை வேரோடு பிடுங்கி, 'முடிந்தது' என்று கையைத் தட்டிவிட்டு இறங்கி வரலாம்.

கீரை முந்திவிட்டது. ஒரு கைப்பிடிதான், கடைந்தால் கரண்டியில் அடங்கும். ஆனாலும் மாமியார் வரைக்கும் போன் பறந்தது. "மாப்பிள்ளை ஒரு காரியத்தை முடிச்சுட்டாராமே!" என்று அங்கே பாயசம் வைத்ததாகத் தகவல்.

அடுத்த விதையை மனைவியே கடைக்குப் போய் வாங்கி வந்தாள்.

"உங்களுக்குக் கைராசி இருக்குங்க" என்றாள்.

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். அரைக்கீரை.