நாலு இடமும் 411 ஆண்டுச் சாக்கடையும்

2024 ஜூலை 4 அன்று நடந்த பிரிட்டன் பொதுத்தேர்தலில் பசுமைக் கட்சி 4 இடங்களைப் பிடித்தது. அதற்கு முன் 14 ஆண்டுகளாக ஒரே ஒரு இடம். சபையில் மொத்தம் 650. உடனே அரசியல் நோக்கர்கள் திருப்புமுனை, திருப்புமுனை என்று மேளம் கொட்டினார்கள். கொட்டட்டும். அந்தச் சத்தத்தில் கணக்கு காதில் விழாமல் போய்விடக் கூடாது.

கணக்கு இதுதான். தொழிலாளர் கட்சி 33.7 சதவீத ஓட்டு வாங்கி 411 இடங்களை அள்ளியது. ஓர் இடத்துக்கு ஏறத்தாழ 24,000 ஓட்டு. பசுமைக் கட்சிக்கு விழுந்தது 19 லட்சத்துக்கு மேல். ஓர் இடத்துக்கு 4 லட்சத்து 85 ஆயிரம். அதே கடை, அதே சரக்கு, இருபது மடங்கு விலை. (ரிஃபார்ம் கட்சிக்கு இதைவிட அநியாயம்: 41 லட்சம் ஓட்டு, 5 இடம். அவர்களுக்காகக் கண்ணீர் விட வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.) மூன்றில் ஒருவர் கைகாட்டினால் சபையில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் நிலையான ஆட்சி. இதே தேர்தல் முறையைத்தான் நமக்கும் கப்பலேற்றி அனுப்பினார்கள். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் தி.மு.க.வுக்கு ஏறத்தாழ கால் பங்கு ஓட்டு. இடம் ஒன்றுகூட இல்லை. அப்போது சிரித்தவர்கள் இப்போதும் சிரிக்கலாம்.

உண்மையான திருப்புமுனை 1989இலேயே வந்தது. வந்த வழியே அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஜூன் மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல். ஏறத்தாழ 23 லட்சம் பேர் பசுமைக் கட்சிக்குக் குத்தினார்கள். 15 சதவீதம். கிடைத்த இடம் பூஜ்யம். பத்து ஆண்டு கழித்து, 1999இல், ஐரோப்பியத் தேர்தலுக்கு விகிதாச்சார முறை வந்தது. அந்தத் தடவை 6 சதவீத ஓட்டுக்கே 2 இடம் கிடைத்தது. பதினைந்துக்கு ஒன்றுமில்லை, ஆறுக்கு இரண்டு. மக்கள் மனம் மாறியதா, தராசு மாறியதா?

இடம் கொடுக்கவில்லையே தவிர, அந்த 15 சதவீதம் எல்லோரையும் உலுக்கிவிட்டது. பெரிய கட்சிகள் ஒரே ராத்திரியில் மரம், செடி, கொடி என்று பேச ஆரம்பித்தன. அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சர் அதே ஆண்டு நவம்பரில் ஐ.நா. சபைக்கே போய்ப் பூமியைக் காப்பது பற்றி உரை நிகழ்த்தினார். நல்ல உரை. வேதியியல் படித்தவர், விஷயம் தெரிந்துதான் பேசினார். ஊருக்குத் திரும்பி அடுத்த மாதமே இங்கிலாந்து, வேல்ஸின் குடிநீரையும் சாக்கடையையும் பங்குச் சந்தையில் விற்றார்.

விற்ற விதத்தைக் கவனியுங்கள். நீர் நிறுவனங்களின் 500 கோடி பவுண்டு கடனை அரசே தள்ளுபடி செய்தது. கையில் 150 கோடி பவுண்டு ரொக்கமும் கொடுத்தது. இதற்குப் 'பச்சை வரதட்சணை' என்று பெயரே இருந்தது. என் கற்பனை இல்லை. பெண்ணையும் கொடுத்து, கடனையும் அடைத்து, ரொக்கமும் கொடுத்து அனுப்பினார்கள். மாப்பிள்ளை என்ன செய்தார்? நகையை அடகு வைத்தார். கடனே இல்லாமல் கைமாறிய அந்த நிறுவனங்களின் இன்றைய கடன் 6,000 கோடி பவுண்டுக்கு மேல். பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையும் கோடி கோடியாகப் போனது. தேம்ஸ் வாட்டரை 2006இலிருந்து 2017 வரை வைத்திருந்தது ஆஸ்திரேலியாவின் மக்குவாரி தலைமையிலான முதலீட்டுக் கூட்டம். வாங்கியபோது கம்பெனியின் கடன் 340 கோடி பவுண்டு. விட்டுப் போனபோது 1,080 கோடி. குழாய் எல்லாம் அப்படியே இருந்தது. ஒழுகிக்கொண்டு.

தாட்சருக்குப் பின் பச்சை வேஷம் கட்டியவர்களை வரிசையாகச் சொன்னால் பக்கம் போதாது. கன்சர்வேடிவ் கட்சித் தலைவராக டேவிட் கேமரன் 2006இல் துருவப் பகுதிக்குப் போய் நாய் பூட்டிய பனிவண்டியில் போஸ் கொடுத்தார். கட்சிச் சின்னத்தையே மரமாக மாற்றினார். சைக்கிள் மிதித்துக்கொண்டு வேலைக்குப் போனார். பின்னாலேயே கார் போனது, அவருடைய பூட்சையும் காகிதங்களையும் சுமந்துகொண்டு. பிரதமரான பின், 2013இல், மின்கட்டணத்தில் இருக்கும் பச்சைக் குப்பையை வெட்டி எறியச் சொன்னார் என்று பத்திரிகைகள் எழுதின. அப்படி ஒரு சொல் தங்களுக்குப் பரிச்சயமில்லை என்றது பிரதமர் அலுவலகம். பரிச்சயமில்லாத சொல்லை வைத்துக்கொண்டே காரியத்தை முடித்துவிட்டார்கள். 2015க்குப் பிறகு இங்கிலாந்து நிலப்பரப்பில் புதிய காற்றாலைக்கு அநேகமாக வழியே இல்லாமல் போனது.

ரிஷி சுனக் இன்னும் ஒரு படி மேலே. வீட்டுக்கு ஏழு குப்பைத் தொட்டி, கறிக்கு வரி, காரில் கட்டாயக் கூட்டுப் பயணம் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டேன் என்று 2023 செப்டம்பரில் முழங்கினார். அவை எதுவுமே அரசின் திட்டத்தில் இல்லை. இல்லாததை ஒழித்த முதல் பிரதமர்.

தொழிலாளர் கட்சி மட்டும் யோக்கியமா? ஆண்டுக்கு 2,800 கோடி பவுண்டு பசுமை முதலீடு என்று 2021இல் மேடை அதிர அறிவித்தார் அப்போதைய நிழல் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ். 2024 பிப்ரவரியில், தேர்தல் நெருங்கியதும், அந்த எண் காணாமல் போனது. ஹீத்ரோ விமான நிலையத்தின் மூன்றாவது ஓடுபாதையை எதிர்த்து 2018இல் வாக்களித்தவர், 2024இல் பிரதமரான கெயர் ஸ்டார்மர். 2025 ஜனவரியில் அவருடைய நிதியமைச்சர் ரீவ்ஸ் அதே ஓடுபாதைக்குப் பச்சைக்கொடி காட்டினார். கொடியாவது பச்சையாக இருந்ததே.

இவர்கள் ஆளுக்கொரு பச்சை பூசிக்கொண்டிருந்த காலத்தில் ஆற்றில் என்ன ஓடியது?

2024 மார்ச் கடைசியில் தேம்ஸ் நதியில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் படகுப் போட்டி. 1829இல் தொடங்கிய பந்தயம். ஜெயித்த அணி, படகின் கடைக்கோடியில் உட்கார்ந்து திசை சொல்லும் சின்ன உருவத்துக்காரரைத் தூக்கி ஆற்றில் எறிந்து கொண்டாடுவது வழக்கம். அந்த ஆண்டு எறிய வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கையில் கீறல் இருந்தால் தண்ணீர் புகாத கட்டுப் போடு. தெறிக்கும் தண்ணீரை விழுங்காதே. கரையேறியதும் கழுவிக்கொள். பந்தயத்துக்கு முன் எடுத்த நீர் மாதிரிகளில் ஈ-கோலை கிருமி அந்த அளவுக்கு இருந்தது. உலகத்தின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களின் பிள்ளைகள், உலகத்தின் பெரிய நிதி நகரம் ஒன்றின் நடுவே, மலத்தில் துடுப்புப் போட்டார்கள். தொலைக்காட்சி நேரலை செய்தது.

மழை கொட்டும்போது கழிவுநீர் வீடுகளுக்குள் எதிர்த்து ஏறாமல் இருக்க ஆற்றில் திறந்துவிடலாம் என்று ஒரு விலக்கு உண்டு. அவசரத்துக்கு வைத்த கதவு. 2023இல் இங்கிலாந்து முழுவதும் அந்தக் கதவுகள் திறந்திருந்த நேரத்தைக் கூட்டினால் 36 லட்சம் மணி. ஆண்டுக்கு 8,760 மணி நேரம், வகுத்துப் பாருங்கள். 411 ஆண்டு. தொழிலாளர் கட்சி ஜெயித்த இடங்களும் 411. இடத்துக்கு ஓர் ஆண்டுச் சாக்கடை. திட்டமிட்டாலும் இப்படிப் பொருத்தம் அமையாது.

இந்த நாற்றத்தில்தான் அந்த நாலு இடம் முளைத்தது. பிரிஸ்டல் சென்ட்ரலில் கார்லா டெனியர் தொழிலாளர் கட்சியின் முன்னணித் தலைவர் தங்கம் டெபோனேரைப் பத்தாயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் தோற்கடித்தார். ஆம், தங்கம்தான், தந்தை வழியில் தமிழ் வேர் உள்ளவர். நாடே தொழிலாளர் கட்சிக்கு அலை அடித்த ராத்திரியில், அமைச்சராகக் காத்திருந்தவர் வீட்டுக்குப் போனார். பிரைட்டன் எதிர்பார்த்த இடம். ஆச்சரியம் வடக்கு ஹெர்ஃபோர்டுஷயரும் வேவனி வேலியும். பண்ணையார்கள், தேவாலயங்கள், ஆட்டு மந்தைகள். கன்சர்வேடிவ் கட்சியின் சொந்தப் பட்டா நிலம். அங்கே பச்சை எப்படி வந்தது? ஹெர்ஃபோர்டு பக்கம் வை நதி. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஏறத்தாழ 2 கோடி பண்ணைக் கோழிகள். எச்சம் வயலுக்குப் போய், வயலிலிருந்து ஆற்றுக்கு வந்தது. ஆறு பாசிபிடித்துச் செத்துக்கொண்டிருந்தது. தூண்டில் போடுகிற பழமைவாதிக்கும் மீன் வேண்டும் அல்லவா?

சரி, பசுமைக் கட்சி சொக்கத்தங்கமா? அந்தத் தராசையும் எடுப்போம். வேவனி வேலியில் ஜெயித்த ஏட்ரியன் ராம்சே வந்ததும் செய்த வேலைகளில் ஒன்று, வடகடல் காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுவரும் மின்கோபுரங்களை நிறுத்திவைக்கச் சொன்னது. காற்றாலை வேண்டும், கம்பி என் வயல் வழியாக வரக் கூடாது. மின்சாரம் நடந்து வருமா? பிரைட்டன் மாநகராட்சி 2011இல் இவர்கள் கைக்கு வந்தது. 2013இல் துப்புரவுத் தொழிலாளர் சம்பளத்தில் கைவைக்கப் போய் வேலைநிறுத்தம். பசுமைக் கட்சி ஆண்ட முதல் ஊரில் தெருத்தெருவாகக் குப்பை மலை. அவர்களுடைய ஒரே எம்.பி. கேரலைன் லூகாஸ் தன் கட்சி நிர்வாகத்துக்கு எதிராகத் தொழிலாளர்களோடு போய் நின்றார். அவர் ஒருவராவது நின்றாரே என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம்.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்தே வாழ்கிற கூட்டம் நாம். வெஸ்ட்மின்ஸ்டருக்கு 2024இல் அந்த நாலு பேர் வந்துவிட்டார்கள். அவர்கள் என்ன சொன்னாலும் ஆளுங்கட்சி பயப்படவில்லை. பயம் வேறு இடத்தில். 40 தொகுதிகளில் பசுமைக் கட்சி இரண்டாம் இடம்; அதில் 39 தொழிலாளர் கட்சி ஜெயித்தவை. போக்கிடம் இல்லாத ஓட்டு என்று இத்தனை காலம் ஏளனமாக வைத்திருந்த ஓட்டுக்குப் போக்கிடம் கிடைத்துவிட்டது. அரசியல் முக்கியத்துவம் என்று நோக்கர்கள் பத்திகள் நிரப்புகிறார்களே, அதன் சாரம் இவ்வளவுதான்.

பயந்த அரசு என்ன செய்தது? குழு அமைத்தது. நீர்த்துறையை அலசி ஆராய சர் ஜான் கன்லிஃப் தலைமையில் ஆணையம். எல்லாவற்றையும் ஆராயலாம், தேசியமயத்தை மட்டும் தொடக் கூடாது என்று முதலிலேயே கோடு கிழித்துக் கொடுத்துவிட்டார்கள். நோயாளியைப் பரிசோதிக்கலாம், நோயை மட்டும் பார்க்காதே. 2025 மே மாதம் தேம்ஸ் வாட்டருக்கு 12 கோடியே 27 லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது. அதைத் தவணையில் கட்ட ஒழுங்குமுறை ஆணையமே அனுமதி கொடுத்தது. லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் குடியிருக்கும் நம் ஆட்கள் ஒரு மாத பில்லைத் தவறவிட்டுப் பார்க்கட்டும். கடன் வசூல்காரரின் கடிதம் எவ்வளவு மரியாதையாக வருகிறது என்று தெரியும். 2025 ஏப்ரலில் அந்த பில் இங்கிலாந்து, வேல்ஸில் சராசரியாக 26 சதவீதம் ஏறியது. சாக்கடைக்கு வழிவிட்டவர்களின் கடனுக்கு வட்டி கட்ட வேண்டாமா?

அந்த நாலு பேருக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு விழுந்த 19 லட்சம் ஓட்டில் பாதிகூட உங்கள் தேர்தல் அறிக்கையைப் படித்துவிட்டு விழுந்ததாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆற்றங்கரையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் போட்ட ஓட்டு அது. மின்கோபுரத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒவ்வொரு நீர் நிறுவனத்தின் கடன் கணக்கையும் சபையில் வரிவரியாகப் படியுங்கள். நாடாளுமன்றப் பதிவேடான ஹன்சார்டில் ஏறட்டும்.