சிக்னல் சார்

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாவற்றுக்கும் தேர்தல் உண்டு. ‘நெட்டு வரல’ என்றால் யாரிடம் போவது என்பதற்கு மட்டும் தேர்தல் கிடையாது. அந்த நாற்காலியில் ஒருவர் தானாகவே வந்து உட்கார்ந்திருப்பார். எங்கள் குடியிருப்பில் அவர் பெயர் சிக்னல் சார். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம்.

பணி ஓய்வு பெற்றவர். மாலை ஐந்து மணிக்கு லிஃப்டுக்கு எதிரே உள்ள திண்ணைக்கு வந்துவிடுவார். சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியும், சிம் தட்டைக் குத்தி எடுக்கும் ஊசியும்.

போனை நீட்டினால் சட்டென்று வாங்கிவிட மாட்டார். ஜாதகம் பார்க்கிறவர் மாதிரி முதலில் விவரம் கேட்பார். “எப்பலேருந்து?” “கால் போகுதா?” “உக்காந்திருந்தது ஹாலா, பெட்ரூமா? ஜன்னல் எந்தப் பக்கம்?” அடுத்த கேள்விக்கு மட்டும் ஊர் முழுக்க ஒரே பதில்.

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?”

“ஐயோ, நாலு வாட்டி பண்ணிட்டேன் சார்.”

பண்ணியது என்னவென்றால், பக்கவாட்டுப் பட்டனை அமுக்கித் திரையை இருட்டாக்கிவிட்டு மறுபடி வெளிச்சமாக்கியது. சாருக்கு அது தெரியும். சொல்ல மாட்டார். “நீங்க பண்ணது சரிதான். என் கையாலயும் ஒரு தடவை பண்ணிடறேன்” என்பார்.

அதற்கும் மசியாவிட்டால் விமானப் படத்தைத் தொட்டுவிட்டு, கண்ணை மூடிப் பத்து எண்ணுவார். “இப்ப போனு டவரை விட்டுடுச்சு. திரும்ப ஆன் பண்ணா, புதுசா டவரைத் தேடிப் பிடிச்சுத் தன்னைப் பதிஞ்சுக்கும்.” பாதிப் பேருக்கு இதிலேயே நெட்டு வந்துவிடும். அவர்கள் காபி வாங்கிக் கொடுக்காமலே போய்விடுவார்கள்.

மீதிப் பாதியில்தான் சாரின் புகழ் இருக்கிறது. 3ஏ பாட்டியின் போனில் டவர் முழுசாகக் காட்டியது. எந்தப் பக்கமும் திறக்கவில்லை. சார் தேதியைப் பார்த்தார். “உங்க போன் 2031-க்குப் போயிடுச்சும்மா. நாங்கள்லாம் இன்னும் வரல.” விளையாட்டில் உயிர் சீக்கிரம் வர வேண்டுமென்று பேரன் தேதியைத் தள்ளிவைத்திருந்தான். ஒவ்வொரு இணையதளமும் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காலாவதித் தேதி உண்டு. 2031-இல் நிற்கிற போனுக்கு இன்றைய சான்றிதழ் எல்லாமே காலாவதி. கதவைச் சாத்திக்கொள்ளும்.

4சி பையன் தன் வீட்டு வைஃபை 5ஜி என்று பீற்றிக்கொண்டிருந்தான். “டேய், உன் ராவுட்டர்ல போட்டிருக்கிற 5ஜி, அஞ்சாம் தலைமுறை இல்ல. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வேகமா ஓடும், சுவரைத் தாண்டச் சொன்னா மூச்சு வாங்கும். 2.4 நிதானமாத்தான் போகும், ஆனா சமையலறை வரைக்கும் வரும்.” பிறகு நேரில் போய்ப் பார்த்து, இரும்பு பீரோவுக்குப் பின்னால் கிடந்த ராவுட்டரை மீட்டு ஹாலில் வைத்துவிட்டு வந்தார்.

சாயங்காலத்துக்குள் ஒன்றரை ஜிபியையும் தீர்த்துவிட்டு வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தனிப் பிரசங்கம். “அளவு முடிஞ்சா 64 கிலோபிட்டுக்கு இறக்கிடுவான். நள்ளிரவு பன்னண்டுக்குத்தான் ஏறும். ஆனா ஒண்ணு, எங்க டயல்-அப் மோடமுக்கு உச்சமே 56. நீ திட்டுற வேகத்துக்கு நாங்க ஏங்கியிருக்கோம்.”

குறை இல்லாத மனிதரா? ‘தெரியாது’ என்ற சொல் அவர் வாயில் வந்ததில்லை. அந்த இடத்தில் ‘சர்வர் டவுன்’ வரும். எல்லாம் கைவிட்டால் நெட்வொர்க் செட்டிங்கையே ரீசெட் செய்துவிடுவார். அது பிரம்மாஸ்திரம். போனில் சேமித்த வைஃபை பாஸ்வேர்டு, ப்ளூடூத் இணைப்பு எல்லாம் சாம்பல். அன்று இரவு அந்தக் குடும்பம் முழுவதும் பாஸ்வேர்டு தேடும். கடைசியில் அது பால் கணக்கு எழுதும் காலண்டரில் கிடைக்கும்.

சாருக்கு ஒரு போட்டி உண்டு. 2டி-யில் எட்டாவது படிக்கும் பெண். கேள்வி கேட்க மாட்டாள், கண்ணை மூட மாட்டாள். இரண்டு தட்டு தட்டிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். சாரின் மனைவியே தன் போனை அவளிடம்தான் கொண்டுபோகிறார். ஒரே சிக்கல், அவளுக்கு உண்மையைச் சத்தமாகச் சொல்லும் பழக்கம். சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் 1ஏ கணக்கு அதிகாரியிடம், “அங்கிள், உங்க ரீசார்ஜ் முடிஞ்சு மூணு நாள் ஆச்சு” என்றாள். பராமரிப்புப் பாக்கி பற்றி அவர் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

அடுத்த மாதம் அதே அதிகாரி, அதே போன், நேராகத் திண்ணைக்கு வந்தார். சார் வாங்கினார், கேள்விகள் கேட்டார், பத்து எண்ணினார். காலாவதியைப் பார்த்த முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

“டவர் ப்ராப்ளம் சார். நைட்டுக்குள்ள சரியாயிடும்.” கொஞ்சம் விட்டு, “எதுக்கும் அந்த ரீசார்ஜ் தேதியையும் ஒரு வாட்டி பார்த்துடுங்களேன்.”

அதிகாரி விறுவிறுவென்று மாடி ஏறினார். மறுநாள் காலை நடைப்பயிற்சியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “அந்தச் சின்னப் பொண்ணுக்கு என்ன தெரியும்? சார் சொன்ன மாதிரியே ராத்திரி ஒன்பது மணிக்கு டவர் வந்துடுச்சு!”

சிக்னல் சார் அடக்கமாகச் சொன்னார்: “ஆமா சார். ஆளுங்க மேல ஏறி வேலை பார்த்துக்கிட்டிருந்ததை நானே பார்த்தேன்.”