நேராகப் போகிறவர்களுக்கு மட்டும்

1980களின் கடைசியில் எழும்பூரில் ஒரு டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் எழுதிக்கொண்டிருந்தேன். நிஜமாகவே எழுதுவதுதான். பால்பாயின்ட் பேனாவை அழுத்திப் பிடித்தால்தான் சிவப்புக் கார்பன் கடைசித் தாள்வரை இறங்கும். ஒரு புத்தகத்துக்கு நான்கு கூப்பன். ஐந்தாவது விமானம் வந்துவிட்டால் இரண்டாவது புத்தகத்தையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுப்போம். அதைக் கையில் வாங்குகிறவர் முகத்தில் சொத்துப் பத்திரம் வாங்கிய களை இருக்கும்.

தள்ளுபடிக்கு அன்றைக்கும் கோட் இருந்தது. பயணிக்குத்தான் அது தெரியாது. டிக்கெட்டின் ஒரு கட்டத்தில் பொடி எழுத்தில் போடுவோம்: மாணவருக்கு எஸ்டி25, ஏஜென்சிக்காரருக்கு ஏடி75, கைக்குழந்தைக்கு ஐஎன்90, விமான கம்பெனி ஊழியருக்கு ஐடி90. இருபது வருடம் சர்வீஸ் போட்டவருக்கும் ஆறு மாதக் குழந்தைக்கும் ஒரே 90 சதவீதக் கழிவு. குழந்தைக்குப் பயணம் உறுதி, ஊழியருக்கு சீட் மிஞ்சினால்தான் என்பது மட்டும் வித்தியாசம்.

இந்த நான்கிலும் சேராத பொதுஜனத்துக்கு எங்கள் மேனேஜர் சார் இருந்தார். விமான கம்பெனி எங்களுக்குத் தந்த 9 சதவீதக் கமிஷனில் கொஞ்சத்தை அவர் விட்டுக்கொடுப்பார். விதிப்படி அது கூடாது. அதனால் டிக்கெட்டில் ஒரு தொகை இருக்கும், கல்லாவில் வேறொரு தொகை விழும். எவ்வளவு குறையும் என்பது வந்தவர் யார் சொல்லி வந்தார், காபியை மறுத்தாரா, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தாரா என்பதையெல்லாம் பொறுத்தது. இன்றைக்கு இதை 'டைனமிக் பிரைசிங்' என்கிறார்கள்.

சார் உண்மையில் கெட்டிக்காரத்தனம் காட்டியது பணம் குறைப்பதில் இல்லை, ஊர் கூட்டுவதில். காரைக்குடியிலிருந்து ஒரு ஆச்சி வந்திருந்தார். மகன் நியூயார்க்கில், மகள் லண்டனில், தங்கை மகன் ஃபிராங்க்ஃபர்ட்டில். "ஏப்பா தம்பி, போற வழியிலதானே இருக்கு? எறங்கி ரெண்டு நாள் இருந்துட்டுப் போனா அதுக்கும் காசு கேப்பாகளா?" என்றார்.

கேட்கமாட்டார்கள் என்பதுதான் அன்றைய அதிசயம். முழுக் கட்டண டிக்கெட்டில் இரண்டு ஊர்களுக்கு இடையே இவ்வளவு மைல் வரை சுற்றிப் போகலாம் என்று ஒரு வரம்பு உண்டு. பொதுவாக நேர்த்தூரத்தைவிட 20 சதவீதம் அதிகம் விட்டிருப்பார்கள். அதற்குள் எத்தனை ஊரில் இறங்கினாலும் பெரும்பாலும் ஒரே கட்டணம்தான். வரம்பைத் தாண்டினால் 5 சதவீதம் கூடும், பிறகு 10, 15 என்று ஏறி 25 வரை போகும். அதற்கும் மேல் என்றால் பயணத்தை வெட்டித் தனித்தனிக் கட்டணமாகப் போட வேண்டும். சார் 'ஏர் டாரிஃப்' புத்தகத்தை விரித்து, பென்சிலால் மைல்களைக் கூட்டி, "பம்பாய், ஃபிராங்க்ஃபர்ட், லண்டன், நியூயார்க். இன்னும் மைல் பாக்கி இருக்கு. ஆச்சி, பாரிஸ்ல யாராவது இருக்காங்களா?" என்றார். ஆச்சி யோசித்துப் பார்த்தார். பாரிஸில் சொந்தம் இல்லாதது அன்றைக்குத்தான் அவருக்குக் குறையாகத் தெரிந்தது.

ஆக, பயணம் சிக்கலாக ஆக லாபம். இப்போது அது தலைகீழ்.

போன மாதம் என் அண்ணன் மகள் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தாள். "சித்தப்பா, கோட் வந்திருக்கு. டென் பர்சென்ட்!" அவள் அக்கா லண்டனில், அண்ணன் டொரண்டோவில். சென்னையிலிருந்து லண்டன், அங்கிருந்து டொரண்டோ, திரும்ப சென்னை. ஆச்சியின் பயணத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு சுற்றே இல்லை.

'மல்டி சிட்டி' என்று அமுக்கியதும் கோட் போடும் கட்டமே காணாமல் போனது. போக வர என்று மாற்றினால் கட்டம் திரும்பி வந்தது. ஆனால் லண்டன்–டொரண்டோ கூட்டாளி கம்பெனியின் விமானம், அதற்குக் கோட் செல்லாது. பிறகு நிபந்தனைகளைப் படித்தோம். செல்போன் செயலியில் மட்டும். குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டில் மட்டும். பள்ளி விடுமுறையில் கிடையாது. மனிதர்கள் உறவினர் வீட்டுக்குப் போகும் நாட்களைப் பொறுக்கி எடுத்து விலக்கியிருந்தார்கள்.

அந்த 10 சதவீதமும் எதில் என்று பார்க்க வேண்டும். எங்கள் காலத்து டிக்கெட்டில் வரிக்கென்று இரண்டு மூன்று சின்னக் கட்டங்கள் இருக்கும், அவ்வளவுதான். பிறகு எண்ணெய் விலை ஏறியபோது எரிபொருள் சர்சார்ஜ் வந்தது, டிக்கெட்டில் அதற்கு ஒய்க்யூ என்று பெயர். எண்ணெய் விலை இறங்கியபோதும் பல இடங்களில் அது இறங்கவில்லை. கோட் தொடுவது அடிப்படைக் கட்டணத்தை மட்டும். டிக்கெட் 60,000 ரூபாய், அதில் அடிப்படைக் கட்டணம் 22,000 என்று வையுங்கள், குறைவது 2,200. 'கன்வீனியன்ஸ் ஃபீ' என்ற பெயரில் அதிலும் ஒரு பங்கு திரும்பிப் போய்விடும். இன்னொரு வேடிக்கையும் பார்த்தோம். கோட் போட்டதும் மலிவான வகுப்பு மறைந்து, அதற்கு மேல் வகுப்பில் தள்ளுபடி கிடைத்தது.

"அப்போ ரெண்டா பிரிச்சுப் போட்டுடலாமா, சித்தப்பா?"

பிரிக்கலாம். தனித்தனி டிக்கெட்டில், முதல் விமானம் தாமதமானால் அடுத்த கம்பெனியைப் பொறுத்தவரை நீ வராத பயணி. பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். ஆச்சியின் டிக்கெட்டில் ஒரு கம்பெனி விமானம் ரத்தானால் கூப்பனின் மேல் முத்திரை குத்தி இன்னொரு கம்பெனியில் ஏற்றிவிடுவார்கள்.

2008 ஜூன் 1 முதல் உலகில் காகித டிக்கெட் வழங்குவது ஏறக்குறைய நின்றது. எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போனபோது, இனி மலிவான வழியை அதுவே கண்டுபிடித்துவிடும் என்று எல்லோரும் நம்பினோம். விமானக் கட்டணத் தேடலுக்கு மென்பொருள் எழுதிய ஐடிஏ நிறுவனத்தின் கார்ல் டி மார்க்கன் அதற்கு முன்பே ஒரு குண்டைப் போட்டிருந்தார். கட்டண விதிகளை அப்படியே முழுசாக எடுத்துக்கொண்டால், மிக மலிவான பயணம் எது என்று எப்போதும் சொல்லிவிடக்கூடிய கணக்குமுறை எதையும் எழுதவே முடியாது என்று நிறுவினார். அந்த நிறுவனத்தைத்தான் கூகுள் 70 கோடி டாலர் கொடுத்து 2011இல் வாங்கி முடித்தது. சாருக்கு இது தெரிந்திருந்தால் சம்பள உயர்வு கேட்டிருப்பார்.

கடைசியில் அண்ணன் மகள் கோட் இல்லாமல் முழு விலைக்கு மல்டி சிட்டி டிக்கெட்டே போட்டாள். மணி பதினொன்றரை. திரையில் சிவப்பில் கோட் மினுக்கிக்கொண்டிருந்தது, நள்ளிரவோடு காலாவதி. "அநியாயமா வேஸ்ட் ஆகுதே" என்று கொஞ்சம் தவித்தாள். பிறகு கோட் கேட்ட எல்லாத் தகுதியும் உள்ள பயணமாகத் தேடி, சென்னை–கோயம்புத்தூர் போக வர ஒரு டிக்கெட் போட்டாள். 10 சதவீதம் சுத்தமாகக் குறைந்தது.

கோயம்புத்தூரில் எங்களுக்கு யாரும் இல்லை.