முருங்கைக்காய் ஒரு கப்

அவியலுக்கு 'முருங்கைக்காய் – 1 கப்' என்று எழுதியவர் யாரோ, அவர் முருங்கைக்காயை நேரில் பார்த்திருப்பார் என்று நம்ப நான் தயாராக இல்லை. நேற்று அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்ற எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

காய்கறிக் கடை அக்காவுக்குக் கால் கிலோ தெரியும், அரைக் கிலோ தெரியும். அவரிடம் போய் "முக்கால் கப் பூசணி" என்று கேட்டுப் பாருங்கள். ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார். அதிலேயே நம்மை எடை போட்டுவிடுவார். கிராமைக் கப்பாக்க ஓர் எளிய சூத்திரம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இந்த முருங்கைக்காய். விரல் நீளத்துக்கு நறுக்கியாயிற்று. கப்பில் எப்படிப் போடுவது? நிற்க வைத்தால் பாதி உடம்பு வெளியே. விளிம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பது கணக்கில் உண்டா, இல்லையா? படுக்க வைக்கலாமென்றால் குறுக்கே மாட்டிக்கொண்டு அடியில் வெறும் காற்று. உலுக்கினால் இரண்டு துண்டு கூட இடம் கிடைக்கிறது. உலுக்கலாமா என்று குறிப்பில் இல்லை. அரிசியாக இருந்தால் தலைதட்டி அளக்கலாம். முருங்கைக்காயைத் தலைதட்ட அரிவாள்மனைதான் வேண்டும். சரி, துண்டைச் சிறிதாக்கலாம் என்றால், எவ்வளவு சிறிதாக? நகத்தளவு நறுக்கினால் கப் அழகாக நிரம்பும். ஆனால் அதைச் சாப்பிடுகிறவர் பல் குத்துவதா, காயை உறிஞ்சுவதா? நெடுக்கில் பிளந்து போட்டால்? பிளந்தது ஒரு கப்பா, பிளக்குமுன் ஒரு கப்பா?

அந்தக் கப்தான் எது? அமெரிக்கக் கப் ஏறக்குறைய 240 மில்லி. ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் 200. ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப் 180. எங்கள் வீட்டில் பெரும்பாலும் கைப்பிடி உடைந்த காபிக் கப். அது எந்த நாட்டுச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டதல்ல.

அமெரிக்க வேளாண் துறையே ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒரு கப் 160 கிராம்; நீளவாக்கில் சீவினால் 115. கத்தி போன திசையால் வெங்காயம் 45 கிராம் இளைத்துவிடுகிறது! பச்சைப் பசலைக்கீரை ஒரு கப் 30 கிராம், வெந்தது 180. 'கீரை – 2 கப்' என்று எழுதுகிறவர் அது வெந்ததா வேகாததா என்று சொல்வதில்லை. சொன்னால் சமையல் புரிந்துவிடுமே என்ற பயம்போல.

1896இல் பாஸ்டனில் ஃபேனி ஃபார்மர் என்ற அம்மையார், கப்பையும் ஸ்பூனையும் தலைதட்டித்தான் அளக்க வேண்டும் என்று தம் சமையல் புத்தகத்தில் வற்புறுத்தினார். மாவுக்கும் சர்க்கரைக்கும் நல்ல யோசனை. அவருக்கு முருங்கைக்காய் தெரிந்திருக்க நியாயமில்லை, அதனால் மன்னித்துவிடலாம். நம்மவர்களுக்கு என்ன வந்தது? இங்கே எட்டு ஆழாக்கு ஒரு படி, நாற்பது பலம் ஒரு வீசை. அரிசிக்குப் படி, காய்க்கு வீசை. கத்தரிக்காயைப் படியில் போட்டு யாரும் உலுக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் மெட்ரிக் கட்டாயமாகி வீசை போய்க் கிலோ வந்தது. அதுவும் எடைதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கப்புறம் சமையல் குறிப்பு எழுதுகிறவர்களை மட்டும் யார் கப்புக்குத் தாரை வார்த்தது?

சூத்திரத்துக்கு வருகிறேன். காயின் எடையை எடுத்துக்கொள்ளுங்கள். தோல், காம்பு, சொத்தை கழியுங்கள். கொத்தவரங்காயானால் நாரையும். சேனையானால் கை அரிப்பையும் சேர்த்துத்தான் கழிக்க வேண்டும். வாழைக்காயைக் கறுக்காமல் தண்ணீரில் போட்டிருப்பீர்கள், அந்த ஈரத்தையும். இவ்வளவும் கழித்து நிமிர்ந்து குறிப்பின் அடுத்த வரியைப் படித்தால், 'உப்பு – தேவையான அளவு'. ஒரு சிட்டிகை கூடினால் சட்டியையே கொட்ட வைக்கும் உப்புக்கு இந்தச் சலுகை! சேனைக்கு மட்டும் அரைக் கப்பாம்.